நகலில் இருந்த நான்காவது பாரா

"அத்தா, வாடகை வீட்டுச் சுவத்துல நாம அடிக்கிற ஆணி யாருக்குச் சொந்தம்?"

ஜீனத் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. சட்டை மாட்டுவதற்காக ஓர் ஆணி அடித்ததைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்திவிட்டுப் போயிருந்தார். அப்துல் சலாம் ஆணியைப் பிடுங்கி, துளையில் சுண்ணாம்பைக் குழைத்து அப்பிக்கொண்டிருந்தார். அந்த வருஷமே நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனார். கப்பல் தட்டில் பக்கத்தில் படுத்திருந்த ஜெகபர் சாதிக்கிடம் இந்தக் கேள்வியைச் சொன்னார். சாதிக் சிரித்துவிட்டு, "உன் மக பெரிய வக்கீலால்ல வருவா போலிருக்கு" என்றார். அன்று பிடித்த சிநேகம் இருபத்திரண்டு வருஷம் நீடித்தது. சலாம் அங்கே ஜவுளிக்கடை வைத்தார். சாதிக் அந்தக் கடையில் கணக்கு எழுதினார்.

1937-ன் கடைசியில் சலாம் தென்னூருக்குத் திரும்பி வந்தபோது ஜீனத் இரண்டு பிள்ளைகளின் தாய். கணவனை இழந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. தொப்பி பின்னி விற்றுக்கொண்டிருந்தாள். சலாமுக்கு வயது அறுபதை நெருங்கிவிட்டது. நெஞ்சில் அவ்வப்போது ஒரு பிடிப்பு. கையில் நாலாயிரத்து முந்நூறு ரூபாய். தான் கண்ணை மூடிய பிறகும் மாதாமாதம் அவளுக்கு ஏதாவது வந்துகொண்டிருக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு எண்ணம் கிடையாது. ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் அவர் கேட்டது அது ஒன்றைத்தான்.

மூன்று வருஷம் முன்பே ஊர் திரும்பி, பத்திரம் எழுதியும் தரகு பார்த்தும் காலம் தள்ளிக்கொண்டிருந்த சாதிக்தான் அந்தக் கட்டடத்தைக் காட்டினார். ஒரே தலைவாசல், உள்ளே நுழைந்ததும் ஒரு பொதுக்கூடம், அதைத் தாண்டி முற்றம், சுற்றிலும் ஆறு குடித்தனம். அந்த மாதிரி வீட்டை ஊரில் ஸ்டோர் என்பார்கள். சொந்தக்காரர் ஸ்ரீரங்கத்தில் இருந்தார். குடித்தனத்துக்கு இரண்டரை ரூபாய் வாடகை; ஆறும் சேர்ந்தால் மாதம் பதினைந்து. விலை மூவாயிரத்து அறுநூறு.

வைகுண்ட ஏகாதசி முடிந்த வாரம் பார்க்கப் போனார்கள். சுவரெல்லாம் புது வெள்ளை. "ஏகாதசிக் கூட்டத்துக்கு ரெண்டு அறையை ஒழிச்சு வாடகைக்கு விட்டிருந்தாங்க. அதான் வெள்ளையடிச்சிருக்கு" என்றார் சாதிக். அந்தப் பத்து நாளும் காவிரிக்கு இக்கரையிலும் அக்கரையிலும் வெள்ளையடிக்காத வீடே இருக்காது. சலாம் அதில் சந்தேகப்பட எதுவும் இல்லை. சாதிக் கூட்டி வந்த மேஸ்திரி சுவரைத் தட்டினான், முற்றத்துச் சாக்கடையில் குச்சியை விட்டு ஆட்டினான், அண்ணாந்து பார்த்துத் தலையை அசைத்தான்.

"எவ்வளவு ஆகும்ப்பா ரிப்பேருக்கு?"

"ஓடு மாத்தணும், சாக்கடை எடுத்துக் கட்டணும். இருநூத்தம்பதுக்குள்ள முடிச்சிரலாங்க."

சலாம் இருபத்திரண்டு வருஷம் வியாபாரம் செய்தவர். வாய்ப்பேச்சை நம்பிக் காசைக் கொடுக்கிறவர் அல்ல. அன்று சாயங்காலமே சாதிக்கிடம் விரல் மடக்கிச் சொன்னார்: "கிரய ஒப்பந்தத்துல மூணு விஷயம் எழுதிரு. ரிப்பேர் செலவு முந்நூறுக்கு மேல போனா, போற தொகையை விலையில கழிக்கணும். வீட்டு மேல எந்தக் கடன் இருந்தாலும் விக்கிறவர்தான் தீக்கணும். இதுல எது பொய்யானாலும் என் அட்வான்ஸ் முழுசா திரும்பி வரணும்."

"நீ சொல்லணுமா? உன் காசு வேற என் காசு வேறயா?" என்றார் சாதிக்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சலாம் படிக்காதவர் அல்ல. ஆனால் அவர் சிறுவயதில் படித்தது பள்ளிவாசல் மதரஸாவில். தமிழை அரபி எழுத்தில் எழுதும் அரபுத்தமிழைத் தண்ணீர் பட்ட பாடாக வாசிப்பார். வீட்டுக்கு எழுதிய கடிதமெல்லாம் அதில்தான். தமிழ் எழுத்து மட்டும் அவருக்கு ஒட்டவில்லை. கடைப்பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பதோடு சரி. முத்திரைத்தாளில் நெருக்கி எழுதிய தமிழ் அவர் கண்ணுக்கு எறும்பு வரிசை.

சாதிக்குக்கு அது தெரியும். அதனால் ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதியதோடு, அதே வாசகத்தை நல்ல வழவழத்த காகிதத்தில் அரபுத்தமிழிலும் நகல் எடுத்துக் கொண்டுவந்தார். எழுத்து மணிமணியாக இருந்தது. "நீயே வாசிச்சுப் பாரு. அப்புறம் கையெழுத்துப் போடு" என்றார்.

சலாம் வாசித்தார். நான்காவது பாராவில் அவர் சொன்ன மூன்றும் இருந்தன, அவர் சொன்ன வார்த்தைகளிலேயே. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உடன்பிறந்தவன்கூட இவ்வளவு சிரமம் எடுத்துக்கொள்ள மாட்டான் என்று நினைத்தார். முத்திரைத்தாளில் கையெழுத்திட்டு, அட்வான்ஸ் அறுநூறு ரூபாயை எண்ணிக் கொடுத்தார். இரண்டு மாதக் கெடுவுக்குள் ரிஜிஸ்டர் செய்துகொள்ள வேண்டும்.

"உன் மக அன்னிக்குக் கேட்டாளே, ஆணி யாருக்குச் சொந்தம்னு. போய்ச் சொல்லு, இனிமே எல்லா ஆணியும் அவளுக்குத்தான்னு" என்று சாதிக் முதுகில் தட்டினார்.

சலாம் அந்த நகலை முத்திரைத்தாளோடு சேர்த்து மடித்துத் தகரப் பெட்டிக்குள் வைத்தார். நாளுக்கு ஒருமுறை நகலை எடுத்து வாசிப்பார். ஜீனத் கேலி செய்வாள்: "அத்தா, மாப்பிள்ளை எழுதின லெட்டர் மாதிரியில்ல வாசிக்கிறீங்க."

மாசி பிறந்து சில நாள் கழித்து, பொதுக்கூடத்தின் ஓரமாக ஜீனத்துக்கு ஓர் அறை தடுத்துக் கொடுக்கலாமா என்று அளந்து பார்க்கச் சலாம் தனியாக ஸ்டோருக்குப் போனார். உச்சி வெயில். காந்தி மார்க்கெட்டில் கீரை விற்றுவிட்டுத் திரும்பிய குடித்தனக்காரி காளியாயி கூடத்தில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். கையில் முழக்கோலோடு நின்ற மனிதரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதான் வீட்டை வாங்குற ராவுத்தரா?"

"ஆமாம்மா."

"நல்லதாப் போச்சு. எங்க ஒத்திப் பணத்தை நீங்க குடுத்துருவீங்களா, இல்ல வீட்டுக்கார ஐயருகிட்டயே கேட்டுக்கணுமா?"

"என்ன ஒத்தி?"

"என்ன ஒத்தியா? நாலு குடித்தனக்காரங்க ஆளுக்குத் தொண்ணூத்தஞ்சு ரூவா குடுத்துட்டு இல்ல உக்காந்திருக்கோம். பணம் திரும்பி வர்ற வரைக்கும் வாடகை கிடையாது. வாத்தியார் வீடும் கோடி வீடும்தான் வாடகை குடுக்கிறாங்க. தெரியாதா உங்களுக்கு?"

சலாம் முழக்கோலைச் சுவரில் சாய்த்து வைத்தார். காளியாயி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து, கதவோரம் இருந்த ஒட்டடைக் கம்பை எடுத்து, கூடத்தின் குறுக்கே போகிற பெரிய உத்திரத்தைக் கீழிருந்து ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். புது வெள்ளை பெயர்ந்து விழுந்தது. அதன் பின்னாலேயே கரையான் மண் ஒரு கைப்பிடி பொலபொலவென்று கொட்டியது. கம்பின் முனை இரண்டு விரற்கடை உள்ளே போயிருந்தது.

"நீங்க பேரப்பிள்ளைங்களோட இங்கேயே வரப் போறதா வாத்தியார் சொன்னாரு. சொல்லாம இருக்க மனசு கேக்கல. அந்த உத்திரத்துக்குக் கீழ மட்டும் பிள்ளைங்களைப் படுக்க வச்சிராதீங்க. எங்க பிள்ளைங்க படுக்குதுங்க, வேற இடம் இல்ல. உங்களுக்கு என்ன தலையெழுத்து?"

"இதை நீ சொன்னேன்னு ஐயருக்குத் தெரிஞ்சா உன்னைக் காலி பண்ணச் சொல்ல மாட்டாரா?"

"சொன்னா சொல்லிட்டுப் போறாரு. மொதல்ல என் தொண்ணூத்தஞ்சை வைக்கச் சொல்லுங்க" என்று சிரித்தாள்.

அன்று மாலை சலாம் தகரப் பெட்டியிலிருந்த இரண்டு காகிதங்களையும் எடுத்துக்கொண்டு மறுபடி ஸ்டோருக்கு வந்தார். வாடகை கொடுக்கும் வாத்தியார் அருள்நாதன் அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க பாய், உக்காருங்க. நான் தாளைப் படிக்கிறேன். நீங்க உங்க நகல்ல சரி பாத்துக்கிட்டே வாங்க."

வாத்தியார் உரக்கப் படித்தார். அவர் விரல் இடமிருந்து வலமாகப் போயிற்று. சலாமின் விரல் வலமிருந்து இடமாக. முதல் பாரா, எழுதிக்கொள்பவர் பெயர், தகப்பனார் பெயர்: சரி. இரண்டாவது, நான்கு எல்லை: சரி. மூன்றாவது, விலையும் அட்வான்சும் கெடுவும்: சரி. சலாமுக்கு மூச்சு சற்றுச் சீரானது. கீரைக்காரி எதையோ தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம். எப்படியிருந்தாலும் அடுத்த பாரா இருக்கிறது.

வாத்தியார் நிறுத்திவிட்டார்.

"படிங்க சார். நாலாவது."

"நாலாவதா? 'கெடுவுக்குள் கிரயம் முடித்துக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் தொகையைக் கோர எனக்குப் பாத்தியமில்லை.' இவ்வளவுதான். அதுக்குக் கீழே உங்க கையெழுத்து."

"ரிப்பேர் செலவு... முந்நூறுக்கு மேல..."

"இல்லையே பாய்."

"வீட்டு மேல கடன் இருந்தா விக்கிறவரே..."

வாத்தியார் தாளைத் திருப்பி மறுபக்கத்தையும் பார்த்தார். விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து இன்னொரு தடவை முழுக்கப் படித்தார். பிறகு, நோயாளியிடம் பேசுவதுபோல மெல்லச் சொன்னார்: "நூறு ரூபாய்க்குக் குறைஞ்ச ஒத்தியை ரிஜிஸ்டர் பண்ணணும்னு கட்டாயம் இல்லை. அதனாலதான் தொண்ணூத்தஞ்சு. வில்லங்க சர்டிபிகேட்டுல தேடினாலும் அது வராது. குடியிருக்கிறவங்களைக் கேட்டாத்தான் தெரியும்."

சலாமின் விரல் நகலின் நான்காவது பாராவிலேயே இருந்தது. எத்தனை தடவை வாசித்த வரிகள். அவர் வாசித்தது ஒன்று, கையெழுத்துப் போட்டது ஒன்று.

மறுநாள் காலை ஸ்ரீரங்கத்துக்குப் போனார். சொந்தக்காரர் வீரராகவாச்சாரியார் பூஜை முடித்துத் திருமண் காயாத நெற்றியோடு வாசலுக்கு வந்தார். நடந்ததைக் கேட்டதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நான் எதையும் மறைக்கலையே! எம்பெருமான் சத்தியமா உங்க சிநேகிதர்கிட்ட எல்லாம் சொன்னேன். உத்திரம் செல்லரிச்சிருக்கு, ஒத்தி நாலு இருக்கு, எல்லாம். அந்த மேஸ்திரியே ஆயிரத்து முந்நூறு ஆகும்னு என்கிட்ட எழுதிக் கொடுத்திருக்கான். அதனாலதானே விலையை மூவாயிரத்து நூறுக்கு இறக்கினேன்?"

"மூவாயிரத்து அறுநூறுன்னு இல்ல எழுதியிருக்கு சாமி?"

"மேல ஐந்நூறு தமக்குன்னார் அவர். அட்வான்ஸ் அன்னிக்கே நூறு எடுத்துண்டார். மீதி ரிஜிஸ்டர் அன்னிக்கு. வாங்கறவருக்குத் தெரியுமோன்னு கேட்டேன். 'அவருக்கும் எனக்கும் கணக்கே கிடையாது'ன்னார்." ஆசாரியார் மேல்துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கணும்னு மனசு சொல்றது. ஆனா அது பெண் கல்யாணக் கடனுக்குப் போயிடுத்து. என்னால ஒண்ணுதான் முடியும். நீங்க வாங்கித்தான் ஆகணும்னு நான் கோர்ட்டுக்குப் போக மாட்டேன்."

அவர் சொன்னது உண்மை என்று சலாமுக்குத் தெரிந்தது. பொய்யாக இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கோபப்பட வேறொரு ஆள் கிடைத்திருப்பான். காவிரிப் பாலத்தை அவர் நடந்தே கடந்தார். வண்டிகள் ஒதுங்கச் சொல்லிக் கத்தியதுகூடக் காதில் விழவில்லை.

சாதிக் வீட்டில்தான் இருந்தார். சலாம் உள்ளே வரவில்லை. வாசற்படிக்கு வெளியே நின்று இரண்டு காகிதங்களையும் நீட்டினார்.

சாதிக் அவற்றை வாங்கவில்லை. "யாரு படிச்சுக் காட்டினா?" என்றார்.

"யாரு படிச்சா என்ன? எழுதினது நீதானே?"

"உள்ள வா. தெருவுல நின்னு பேசாதே."

"பினாங்குல எனக்கு விஷக்காய்ச்சல் வந்தப்ப உன் கையால கஞ்சி குடிச்சேன் சாதிக்கு. அந்தக் கைதானா இதுன்னு பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

சாதிக்கின் குரல் திடீரென்று உயர்ந்தது. "ஆமா, கஞ்சி ஊத்தினேன்! உன் கடைக் கணக்கை எழுதினேன்! நீ முதலாளியாத் திரும்பினே, நான் என்னவாத் திரும்பினேன்? மூணு பொண்ணு உக்காந்திருக்கு வீட்டுல. என்னிக்காச்சும் கேட்டியா நீ?"

"நீ கேட்டிருந்தா அந்த ஐந்நூறை நானே குடுத்திருப்பேனே."

"கேட்டு வாங்க எனக்கு மூஞ்சி இல்லை."

உள்ளே யாரோ பாத்திரத்தை வைக்கிற சத்தம் கேட்டு நின்றது.

"ஒண்ணு மட்டும் சொல்லு" என்றார் சலாம். "ஏமாத்தணும்னு முடிவு பண்ணிட்டா முத்திரைத்தாளை மட்டும் நீட்டியிருக்கலாம். நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். இந்த நகலை எதுக்கு இவ்வளவு அழகா எழுதினே?"

சாதிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "அதைத்தான் முதல்ல எழுதினேன். நீ சொன்ன மாதிரியே எழுதணும்னுதான் உக்காந்தேன். நல்ல மனசோடதான் எழுதினேன் சலாமு. அப்புறம் முத்திரைத்தாளை எடுத்தேன். நாலாவது பாரா வந்தப்ப..."

சலாம் காகிதங்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். பின்னாலிருந்து சாதிக்கின் 'அஸ்ஸலாமு அலைக்கும்' கேட்டது. மார்க்கம் கற்றவன் அந்த முகமனுக்குப் பதில் சொல்லாமல் போகக் கூடாது. அவர் திரும்பாமலே பதில் சொன்னார். உன் மேல் சாந்தி உண்டாகட்டும் என்கிற அந்த வாக்கியம் அதுவரை அவர் நாக்கில் அவ்வளவு கனத்ததில்லை.

வீட்டில் ஜீனத்திடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவள் அழவில்லை. பின்னிக்கொண்டிருந்த தொப்பியை மடியில் வைத்துவிட்டு விரலில் கணக்குப் போட்டாள்.

"ஐயரு சொன்ன விலைக்கே வாங்கினாலும் மூவாயிரத்து நூறு. ரிப்பேர் ஆயிரத்து முந்நூறு. ஒத்தி முந்நூத்தி எம்பது. நாலாயிரத்து எழுநூத்தி எம்பது ஆகுது. நம்மகிட்ட இருந்தது நாலாயிரத்து முந்நூறு. ஒத்தியைத் தீக்கலேன்னா மாசம் அஞ்சு ரூபாதான் வாடகை. உத்திரத்தை மாத்தலேன்னா யாரு தலையிலயாவது விழும். விட்டுருங்கத்தா."

"அறுநூறு போயிருமேம்மா."

"போகட்டும். அந்த உத்திரம் விழுந்து ஒரு பிள்ளை போச்சுன்னா அதை யாரு திருப்பித் தருவா?"

"அறுநூறு போனதுகூட இல்லம்மா..." என்றார் சலாம். ஜீனத் எழுந்து வந்து, சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல அவர் தோளைத் தடவிக் கொடுத்தாள்.

மீதியிருந்த பணத்தில், அதே தென்னூரில், ஒரு சின்ன ஓட்டு வீடும் தெருவைப் பார்த்த ஒரு கடையறையும் விலைக்கு வந்தன. இந்தத் தடவை அருள்நாதன் வாத்தியார் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து, பத்திரத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் இரண்டு முறை படித்தார். அதற்கு அவர் ஏற்றுக்கொண்டது ஒரு டம்ளர் சர்பத். கடையறை வாடகை ஆறு ரூபாய். பதினைந்து இல்லைதான், ஆனால் ஆறு மெய்யான ரூபாய்.

காளியாயிக்கு ஒரு சேலை எடுத்துக்கொண்டு சலாம் மார்க்கெட்டுக்குப் போனார். அவள் கையால் தொடவில்லை. "வாயைத் திறந்து உள்ளதைச் சொன்னதுக்குக் கூலியா? நல்லா இருக்கே! எடுத்துட்டுப் போய் மகளுக்குக் குடுங்க. கீரை வேணும்னா காசு குடுத்து வாங்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் இரண்டு கட்டுக் கீரை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

கெடு முடிய இரண்டு நாள் இருந்தபோது சமயபுரத்தில் பூச்சொரிதல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே ஸ்டோரில் இருந்தவர்கள் பூக்கூடைகளோடு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வாத்தியார் குடும்பம் மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்குப் போயிருந்தது. அறைகள் பூட்டியிருந்தன, தலைவாசல் வெறுமனே சாத்தியிருந்தது.

மரக்கடையில் அளவு சொல்லி அறுத்து வாங்கிய மூன்று சவுக்குக் கழிகளையும் பலகைத் துண்டுகளையும் வண்டிக்காரன் கூடத்தில் இறக்கிவிட்டுப் போனான். சலாம் சட்டையைக் கழற்றிக் கதவில் தொங்கவிட்டார். அவர் வாங்கப்போகிற வீடு அல்ல அது. இன்னும் இரண்டு நாளில் இந்த வாசலுக்குள் நுழையக்கூட அவருக்கு உரிமை இருக்காது.

உத்திரத்தின் ஒரு முனைக்குக் கீழே தரையில் ஒரு பலகையை வைத்தார். கழியை அதன் மேல் நிறுத்தி, தலைப்பில் இன்னொரு பலகையைக் கொடுத்து உத்திரத்தோடு பொருத்தினார். நெஞ்சுப் பிடிப்பு வரும்போதெல்லாம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். அடியில் ஆப்பை வைத்துச் சுத்தியால் தட்டினார், உத்திரம் ஒரு முனகல் முனகிக் கழியின் மேல் உட்காரும்வரை. அப்படியே நடுவில் ஒன்று. காளியாயியின் கதவுக்கு எதிரே ஒன்று. பாரத்தை மூன்று கழிகளும் வாங்கிக்கொண்டதா என்று ஒவ்வொன்றையும் தோளால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

உதிர்ந்து கிடந்த கரையான் மண்ணைப் பெருக்கி முற்றத்துச் சாக்கடையில் தள்ளினார். பிள்ளைகள் பாய் விரிக்கிற இடத்தில் ஒரு சிராய்கூட இல்லாதபடி கையால் தடவிப் பார்த்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு, தலைவாசலை முன்பு இருந்தபடியே சாத்திவிட்டு, தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று வேகமாக நடந்தார்.